மலைநாட்டில் விதை காத்தல்: வேப்பெண்ணெய், வசம்பு, மிளகு, சாம்பல்

"வேப்பிலை போட்டுத்தான் வைத்தோம், அப்படியும் கௌப்பி எல்லாம் மாவாய்ப் போச்சு" என்ற பேச்சு இலங்கை மலைநாட்டின் பதுளை, வெலிமடை, பண்டாரவளைப் பக்கத் தோட்டங்களில் விதைப்புக் காலம் தோறும் கேட்பதுதான். பழி இலைமேல் விழுகிறது. உண்மையில் நடந்திருப்பது வேறு. விதை சரியாகக் காய்ந்திருக்காது, அல்லது பேணியில் போடும் முன்பே புழு விதைக்குள் போயிருக்கும், அல்லது அந்தப் பச்சை இலையே ஈரத்தைக் கொண்டுவந்து சேர்த்திருக்கும்.

தாவர எண்ணெயும் தூளும் விதைக்குக் காவல். வெளியிலிருந்து வரும் வண்டைத் தடுக்கும், அது இடும் முட்டையைப் பொரிக்கவிடாது. விதைக்குள் ஏற்கெனவே இருக்கும் புழுவை அவை பெரும்பாலும் கொல்வதில்லை. ஈர விதையைக் காப்பதும் இல்லை. ஆகவே மருந்து போடுவது கடைசி வேலை. காயவைப்பது முதல் வேலை, உள்ளே இருப்பதைக் கொல்வது இரண்டாவது வேலை. இந்த வரிசை மாறினால் எந்த மூலிகையும் கைகொடுக்காது.

எந்த விதைக்கு எந்தப் பூச்சி

கௌப்பி, பயறு, துவரை, அவரை இவற்றைத் தின்பது பயறு வண்டு. மூன்று, நான்கு மில்லிமீற்றர் நீளமுள்ள மண்ணிற வண்டு. வளர்ந்த வண்டு விதையைத் தின்பதில்லை. பத்துப் பன்னிரண்டு நாள் உயிரோடிருந்து முட்டையிட்டுச் சாகும். பெண் வண்டு ஒன்று நூறு முட்டை வரை இடக்கூடும். முட்டையை விதையின் தோலில் பசைபோல ஒட்டிவிடும். பொரித்த புழு முட்டையின் அடிப்பக்கமாகவே விதைக்குள் துளைத்துப் போகும், வெளியே தலைகாட்டாது. உள்ளேயே தின்று, கூட்டுப்புழுவாகி, வண்டாகி, வட்டமான துளை போட்டுக்கொண்டு வரும். வெப்பநிலை 30 பாகை (செல்சியஸ்) அளவில் இருந்தால் இந்தச் சுற்று முடிய ஒரு மாதம்கூட வேண்டாம்.

விதையைக் கையில் எடுத்துப் பார்க்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். புதிதாக இட்ட முட்டை கண்ணாடிபோல் மினுங்கும், எளிதில் கண்ணில் படாது. புழு பொரித்து உள்ளே துளைக்கும்போது விதைத்தூளும் கழிவும் முட்டை ஓட்டுக்குள் நிரம்பும். அப்போதுதான் அது வெள்ளைப் பொட்டாகத் தெரியும். வெள்ளைப் பொட்டு தெரிந்தால் புழு உள்ளே போய்விட்டது என்று பொருள். அந்த நிலையில் வேப்பெண்ணெய் தடவி மூடிவைத்தால் ஒரு மாதம் கழித்துப் பேணிக்குள் வண்டு ஓடும்.

இந்த வண்டு வீட்டில் மட்டும் வருவதல்ல. காய் முற்றி நெற்றாகும்போதே தோட்டத்துக்குப் பறந்து வந்து முட்டையிடும். நெற்றுகளைச் செடியிலேயே வாரக்கணக்கில் விட்டு, ஒரே நாளில் பறிக்கலாம் என்று காத்திருப்பது வண்டுக்குப் பாய் விரித்ததுபோல் ஆகும். காய்ந்த நெற்றை இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை பறித்து, உடனே உடைத்துவிட வேண்டும்.

போஞ்சியின் கதை வேறு. போஞ்சி விதையில் உள்ள ஒரு புரதம் பயறு வண்டுப் புழுவின் செரிமானத்தையே தடுத்துவிடுகிறது. அதனால் கௌப்பியை அழிக்கும் அதே வண்டு போஞ்சியில் பெருகுவதில்லை. மலையில் போஞ்சி விதைக்குப் பெரிய எதிரி ஈரமும் பூஞ்சணமும்தான். போஞ்சிக்கு மருந்து தேடி அலைவதைவிட அதைக் காயவைப்பதில் நேரத்தைச் செலவிடுவது நல்லது.

சோளத்தையும் நெல்லையும் தாக்குவது மூக்கு வண்டு. இது தானியத்தில் குழி தோண்டி, அதற்குள் முட்டையிட்டு, மேலே அடைத்துவிடும். முட்டை வெளியே தெரியாது. வளர்ந்த வண்டே பல மாதம் உயிரோடிருந்து தின்னும். நெல்லில் அந்துப்பூச்சியும் சேரும். ஆனால் அது குவியலின் மேல்பகுதியைத்தான் கெடுக்கும், ஆழத்துக்குப் போகாது. குரக்கனுக்குக் கவலையே வேண்டாம். அந்தச் சின்ன மணிக்குள் புழு வளர இடமில்லை. காய்ந்த குரக்கன் ஆண்டுக்கணக்கில் கிடக்கும்.

உயரமும் கணக்கில் வரும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில், சராசரி 16 பாகைக் குளிரில் இருக்கிறது. அந்தக் குளிரில் பயறு வண்டும் மூக்கு வண்டும் மந்தமாகிவிடும், பெருக்கம் ஏறத்தாழ நின்றுபோகும். பதுளையிலும் மாத்தளையிலும் அவை முழு வேகத்தில் பெருகும். கீழே வாங்கிய கௌப்பியை மேலே கொண்டுபோய் அடுப்படி வெதுவெதுப்பில் வைத்தால் வண்டுக்குக் குளிர் என்பதே தெரியாது.

காயவைத்தல்

மலைக் காற்றின் ஈரப்பதன் பல மாதங்கள் 80 சதவீதத்துக்கு மேல் நிற்கும். விதை, சுற்றியுள்ள காற்றோடு ஈரத்தைக் கொடுத்து வாங்கிக்கொண்டே இருக்கும். 80 சதவீத ஈரப்பதனில் திறந்த சாக்கில் கிடக்கும் சோளம் எவ்வளவுதான் காய்ந்திருந்தாலும் மெல்ல மெல்ல 16 சதவீத ஈரத்துக்கு ஏறிவிடும். விதைக்கு வேண்டியது 12 சதவீதத்துக்குக் கீழே. பருப்பு இனங்களுக்கு 10 சதவீதம் என்றால் இன்னும் நல்லது. விதையின் ஈரம் ஒரு சதவீதம் குறைந்தால் அதன் ஆயுள் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது விதைத் துறையில் நெடுங்காலமாகச் சொல்லப்படும் கணக்கு. மருந்தால் கிடைக்கும் நன்மை இதன் பக்கத்தில் நிற்காது.

ஊவாப் பக்கம் இருப்பவர்களுக்கு ஜூன் முதல் ஓகஸ்ட் வரை வீசும் கச்சான் காற்று பெரிய வரம். வறண்ட காற்று, தெளிந்த வெயில். அந்த மாதங்களில் விதையைக் காயவைத்து அடைத்துவிட வேண்டும். ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கம் அதே மாதங்களில்தான் மழை கொட்டும். அங்கே ஜனவரி முதல் மார்ச் வரையான வெயிலைப் பிடிக்க வேண்டும்.

படங்கையோ சாக்கையோ விரித்து அதன்மேல் மெல்லிய அடுக்காகப் பரப்புங்கள். காலை எட்டரை, ஒன்பது மணிக்குப் பனி காய்ந்தபின் போட்டு, பிற்பகல் மூடுபனி இறங்குமுன் எடுத்துவிட வேண்டும். ஒரு நாள் மாலை மறந்துவிட்டால் இரண்டு நாள் வெயில் வீண். புதிதாகப் பறித்த ஈர விதையை உச்சி வெயிலில் தகரத்தின் மேலோ வெறும் சீமெந்துத் தரையிலோ போடக்கூடாது. ஈரமுள்ள விதை சூட்டில் அவிந்துபோகும். வெளியே நன்றாகத் தெரியும், மண்ணில் போட்டால் முளைக்காது. முதல் இரண்டு நாள் நிழற்காற்று அல்லது இளவெயில், பிறகு நல்ல வெயில் என்பதே சரியான முறை.

காய்ந்ததா என்று பார்க்க உப்புச் சோதனை போதும். ஈரமில்லாத கண்ணாடிப் போத்தலில் கால்பங்கு விதையும், வறுத்து ஆறவைத்த தூள் உப்பு இரண்டு மேசைக்கரண்டியும் போட்டு நன்றாகக் குலுக்கி, பதினைந்து நிமிடம் வையுங்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல். ஒட்டாவிட்டால் அதற்குக் கீழே. ஒட்டவில்லை என்பதோடு நிற்காமல் மேலும் இரண்டு மூன்று வெயில் கொடுங்கள். கௌப்பியைக் கடித்தால் பல் பதியாமல் இரண்டாகத் தெறிக்க வேண்டும்.

வெயிலே இல்லாத வாரங்களில் வறுத்த அரிசி உதவும். அரிசியைப் பொன்னிறமாக வறுத்து, காற்றுப் புகாத பேணியில் போட்டு மூடி ஆறவிடுங்கள். துணிப்பையில் கட்டிய விதையை, ஏறத்தாழ அதே எடை அரிசியோடு இன்னொரு காற்றுப் புகாத பேணியில் போட்டு இரண்டு வாரம் மூடிவையுங்கள். அரிசி ஈரத்தை இழுத்துக்கொள்ளும். சிறிய அளவு விதைக்கு இதைவிட எளிய வழி தெரியவில்லை.

உள்ளே இருப்பதைக் கொல்லுதல்

இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். 57 பாகைச் சூடு ஒரு மணி நேரம் நின்றால் பயறு வண்டின் முட்டை, புழு, கூட்டுப்புழு, வண்டு எல்லாமே சாகும். நன்கு காய்ந்த விதை அதைத் தாங்கும். ஈர விதை தாங்காது.

மலை வெயிலில் வெறுமனே பரப்பினால் அந்தச் சூடு வராது, காற்று குளிர்த்திவிடும். அடியில் காய்ந்த புல்லைக் கனமாகப் பரப்பி, அதன்மேல் கறுப்புப் பொலித்தீன் விரித்து, விதையை இரண்டு மூன்று சென்ரிமீற்றர் தடிப்புக்கு மட்டும் பரப்புங்கள். அதன்மேல் தெளிவான பொலித்தீனைப் போர்த்தி, நான்கு பக்கமும் மடித்துக் கல் வையுங்கள். முகில் இல்லாத நாளில் பத்தரை மணிக்கு மூடி இரண்டு மணிக்குத் திறந்தால் போதும். வெப்பமானி கிடைத்தால் விதைக்குள் செருகிப் பாருங்கள். 60 பாகையைத் தாண்ட விடாதீர்கள். புல்லை மறந்து ஈரத் தரையில் நேரே விரித்தால் கீழ்ச்சூடு முழுவதையும் மண் குடித்துவிடும். வேலை நடந்ததாகத் தோன்றும், புழு சாகாது.

வெயிலை நம்ப முடியாத இடத்தில் ஐஸ் பெட்டி இருந்தால், காய்ந்த விதையைக் காற்றுப் புகாத பையில் கட்டி, உறைநிலைப் பகுதியில் பத்து நாள் வையுங்கள். எடுத்ததும் திறக்காமல் ஒரு நாள் வெளியே வைத்து, அறையின் சூட்டுக்கு வந்தபின் திறக்க வேண்டும். அவசரப்பட்டுத் திறந்தால் குளிர் விதைமேல் காற்றின் ஈரம் முத்து முத்தாகப் படிந்துவிடும்.

சூடாக்கிய விதையையும் முழுவதும் ஆறவிட்டே அடைக்க வேண்டும். இனித்தான் மருந்து.

வேப்பெண்ணெய்

பருப்பு விதைக்கு இதைவிடச் சிறந்த தாவரக் காப்பு எங்கள் கைக்கெட்டிய அளவில் வேறில்லை. அளவு: ஒரு கிலோ விதைக்கு 5 மில்லிலீட்டர், அதாவது சமன் செய்த ஒரு தேக்கரண்டி. எண்ணெய்ப்படலம் விதைமேல் இருக்கும்போது வண்டின் முட்டை சரியாக ஒட்டாது. ஒட்டினாலும் முட்டை மூச்சுவிடும் வழியை எண்ணெய் அடைத்துவிடும். இந்த வேலையைத் தேங்காயெண்ணெயும் கடலையெண்ணெயும்கூட இதே அளவில் செய்யும். வேப்பெண்ணெயில் கூடுதலாகக் கசப்புப் பொருள்கள் இருக்கின்றன, வண்டு அண்டத் தயங்கும்.

மலையில் மட்டும் வரும் ஒரு சிக்கல் உண்டு. தேங்காயெண்ணெய் 24 பாகைக்குக் கீழே உறையும், வேப்பெண்ணெயும் குளிரில் கூழாகக் கட்டிக்கொள்ளும். கட்டியை அப்படியே எடுத்துத் தடவினால் சில விதை எண்ணெயில் குளிக்கும், பல விதையில் எண்ணெயே படாது. போத்தலைக் கைபொறுக்கும் சூட்டு நீரில் கால்மணி நேரம் நிறுத்தி, முழுதும் தெளிந்தபின் அளந்தெடுங்கள். அடுப்பில் வைத்துச் சூடாக்காதீர்கள். வேம்பின் செயற்பொருள் சூட்டிலும் வெயிலிலும் அழியும்.

கலக்கும் முறை: அகன்ற பாத்திரத்தில் முதலில் இரண்டு கைப்பிடி விதையை எடுத்து, அளந்த எண்ணெய் முழுவதையும் அதில் ஊற்றிப் பிசையுங்கள். பிறகு மீதி விதையைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, பத்து நிமிடம் கையால் புரட்டுங்கள். எல்லா விதையும் ஒரே மினுக்கமாகத் தெரிய வேண்டும். எண்ணெய் போதாது என்று கண்ணுக்குத் தோன்றும். அந்த இடத்தில்தான் கை அதிகமாக ஊற்றிவிடும். கிலோவுக்கு 10 மில்லிலீட்டரைத் தாண்டினால் விதை பிசுபிசுக்கும், நீர் உறிஞ்சுவது தடைப்படும், முளைப்பு பிந்தும், குறையவும் செய்யும். எண்ணெய் பூசிய விதையை மறுபடி வெயிலில் போடக்கூடாது.

தெளிகருவிக்கென்று விற்கும் வேப்பெண்ணெயில் தண்ணீரில் கரைவதற்கான பொருள் கலந்திருக்கும். விதைக்கு அது வேண்டாம். கலப்பில்லாத செக்கெண்ணெய், கசப்பும் உள்ளிவாடையும் உள்ளதாக வாங்குங்கள். வேம்பு உயர்ந்த மலையில் வளராது. மஹியங்கனை, மொனராகலை, மட்டக்களப்புப் பக்கம் உறவினர் இருந்தால் வேப்பங்கொட்டையாகவே வரவழைக்கலாம். ஓட்டை நீக்கிய பருப்பை நிழலில் காயவைத்து இடித்துத் தூளாக்கி, கிலோவுக்கு 10 முதல் 20 கிராம் கலந்தாலும் எண்ணெய்க்கு அடுத்த பலன் கிடைக்கும். பச்சைப் பூஞ்சணம் பிடித்த கொட்டையை எடுக்காதீர்கள். அது நஞ்சு, விதையையும் தொற்றும்.

சோளத்துக்கும் நெல்லுக்கும் எண்ணெய் அவ்வளவு உதவாது. மூக்கு வண்டின் முட்டை தானியத்துக்குள் அடைபட்டிருப்பதால் எண்ணெய் அதைத் தொடாது. விதைச் சோளத்தை மடல் உரிக்காமல் கதிராகவே அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிடும் பழக்கம் மிகச் சரியானது. புகை, வறட்சி, இறுக்கமான மடல் மூன்றும் சேர்ந்து காக்கின்றன. நுனியில் மடல் பிரிந்த கதிரை விதைக்கு எடுக்காதீர்கள்.

வசம்பும் மிளகும்

வசம்பு நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும். ஈரப்பாங்கான இடத்தில் நட்டால் மலையிலும் வளரும். கிழங்கைச் சிறு வில்லைகளாக நறுக்கி, நிழலில் காயவைத்து, ஒடித்தால் படக்கென்று முறியும் பதத்தில் இடித்து, மெல்லிய துணியில் சலித்தெடுங்கள். கிலோவுக்கு 10 கிராம். தூள் எவ்வளவு நைசோ அவ்வளவு நல்லது. கரடுமுரடாக இருந்தால் பேணியின் அடியில் தங்கிவிடும், மேல் விதை காவலில்லாமல் கிடக்கும். இதன் ஆவியும் தூளும் வண்டை மலடாக்கும். சோளத்துக்கும் இது எண்ணெயைவிடப் பொருந்தும். ஆனால் வசம்பு கலந்த விதையை எந்த நிலையிலும் சமைக்கக்கூடாது. கழுவினாலும் கூடாது.

மிளகு மாத்தளை, கண்டி, பதுளை வீட்டுத்தோட்டங்களில் தாராளம். விற்கும் மிளகை விதைக்குப் போட மனம் வராது. போடவும் வேண்டாம். சுளகில் புடைக்கும்போது பறக்கும் இலேசான, உள்ளீடு நிரம்பாத மிளகை ஒதுக்கி வையுங்கள், காரம் அதிலும் இருக்கிறது. புதிதாக அரைத்த தூள் கிலோவுக்கு 10 முதல் 20 கிராம். அரைத்து மாதக்கணக்கில் திறந்துவைத்த தூள் பயன் தராது. அரைக்கும்போதும் கலக்கும்போதும் மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ளுங்கள்.

அன்னமுன்னா (சீத்தா) விதைத்தூளும் வண்டைக் கொல்லும். ஆனால் அதன் தூசி கண்ணில் பட்டால் பார்வையையே பாதிக்கும். குழந்தைகள் ஓடித்திரியும் லயத்துக் காம்பராவில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டு அறையில், அதை இடிப்பதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

வாசனை எண்ணெய்களும் இலைகளும்

யூக்கலிப்டஸ், மானாப்புல், சேரை எனும் எலுமிச்சைப்புல், கறுவா இலை, கராம்பு இவற்றின் எண்ணெய் ஆவியாகி வண்டைக் கொல்லும். இவை மூடிய பேணிக்குள் மட்டும் வேலை செய்யும். சாக்கில் போட்டால் மறுநாளே வாசம் போய்விடும், அதோடு பலனும் போகும். ஐந்து லீட்டர் பேணிக்கு அரை மில்லிலீட்டர், ஏறத்தாழ பத்துத் துளி, பஞ்சில் விட்டு, சிறு துணியில் சுற்றி விதையின் மேல் வைத்து இறுக மூடுங்கள். எண்ணெயை நேரே விதைமேல் விடக்கூடாது. இந்த எண்ணெய்கள் களையின் விதையை முளைக்காமல் செய்யுமளவு வீரியமானவை, நம் விதையையும் அவை பிரித்துப் பார்க்காது. வளர்ந்த வண்டுக்கு இது போதும், விதைக்குள் இருக்கும் புழுவுக்குப் போதாது.

இலையாகப் போடுவதென்றால் நிழலில் ஐந்து முதல் ஏழு நாள் காயவைத்து, கையில் நொறுங்கும் பதத்தில் போடுங்கள். யூக்கலிப்டஸ், உண்ணிச்செடி, நொச்சி, வேம்பு எதுவானாலும் இதே விதிதான். மலையில் நிழலில் இலை காய்வதற்குப் பதிலாகக் கறுத்துப் புழுங்கும் வாரங்கள் உண்டு. அப்போது அடுப்படிப் பரணில் காயவையுங்கள். கறுத்த இலையை விட்டுவிடுங்கள். இலை அடுக்கு ஒரு துணைக் காவல் மட்டுமே. அதை மட்டும் நம்பி கௌப்பி விதையை ஆறு மாதம் வைக்க முடியாது.

சாறு

இலையை அரைத்துப் பிழிந்த சாற்றில் விதையை நனைத்துக் காயவைக்கும் முறையைச் சிலர் சொல்கிறார்கள். 2021 இல் பூச்சிக்கொல்லி இறக்குமதி தடைப்பட்ட காலத்தில் இந்த மாதிரிக் குறிப்புகள் நிறையப் பரவின. செடிமேல் தெளிப்பதற்குச் சாறு சரி. சேமிக்கும் விதைக்குச் சரியில்லை. பருப்பு விதை சில நிமிடத்திலேயே நீரை இழுக்கும், தோல் சுருங்கி வெடிக்கும், வெடித்த இடத்தில் பூஞ்சணம் ஏறும். மலை ஈரத்தில் அதை மறுபடி 10 சதவீதத்துக்குக் கொண்டுவருவது பெரும்பாடு.

சாற்றைப் பையில் பயன்படுத்துங்கள். வேப்பம் பருப்புத்தூள் 100 கிராமை ஒரு லீட்டர் நீரில் இரவு முழுவதும் ஊறவிட்டு, வடிகட்டி, சிறிது சவர்க்காரம் கரைத்து, அதில் சணல் சாக்கை அரைமணி நேரம் ஊறவைத்து நிழலில் நன்றாகக் காயவையுங்கள். பழைய சாக்கு என்றால் முதலில் கொதிநீரில் முக்கியெடுங்கள். தையலுக்குள் போன முறை வண்டு ஒளிந்திருக்கும்.

சாம்பலும் பேணியும்

அடுப்புச் சாம்பல் ஏழையின் மருந்து என்று ஒதுக்க வேண்டியதல்ல. கவாத்து மிலாறு (தேயிலைச் செடியிலிருந்து வெட்டிய குச்சி) எரித்த சாம்பல் நைசாக இருக்கும். சலித்து, முழுதும் ஆறவைத்து, அன்றே பயன்படுத்த வேண்டும். இரண்டு நாள் திறந்து வைத்தால் மலைக் காற்றின் ஈரத்தைக் குடித்துக் கட்டியாகும். இது வேலை செய்வது அளவால். நான்கு சுண்டு கௌப்பிக்கு மூன்று சுண்டு சாம்பல். விதைகளுக்கு இடையிலுள்ள வெளி நிரம்பிவிட்டால் வண்டு நகர்ந்து இணைசேர முடியாது, தோல் உராய்ந்து அதன் உடல்நீர் வற்றும். ஒரு கைப்பிடி சாம்பலைத் தூவிவிட்டு பலனில்லை என்று சொல்வது நியாயமில்லை. மேலே இரண்டு விரல் தடிப்புக்குச் சாம்பல் மூடி வையுங்கள். எண்ணெயையும் சாம்பலையும் சேர்த்துப் போடாதீர்கள். சாம்பல் எண்ணெயை உறிஞ்சி இரண்டையும் பயனற்றதாக்கும்.

பாத்திரத்துக்கு, குளிர்பானம் வந்த ஒன்றரை லீட்டர் பிளாஸ்டிக் போத்தல் மிக நல்லது. அதில் ஒரு கிலோவுக்குச் சற்றுக் கூடுதலான கௌப்பி பிடிக்கும். நன்கு கழுவி, உட்புறம் சொட்டு ஈரமில்லாமல் காயவைத்து, கழுத்துவரை தட்டித்தட்டி நிரப்புங்கள். உள்ளே காற்று குறைவாக இருந்தால் தப்பிய வண்டும் பிராணவாயு தீர்ந்து சாகும். பாதிப் போத்தல் வைத்தால் அந்தப் பலன் இல்லை. மெல்லிய பொலித்தீன் பையை வண்டு துளைத்துவிடும். ஈர விதையை இப்படி இறுக அடைத்தால் புளித்து, ஒரு மாதத்தில் முளை செத்துவிடும்.

நெற்களஞ்சியத்துக்கு வரும் பொஸ்பைன் வில்லையை வீட்டு விதைக்கு யாரும் வாங்கிவர வேண்டாம். அது வெளிவிடும் வாயு உயிர்கொல்லி. ஒரே கூரையின் கீழ், கூரைவரை எழாத சுவர்களால் பிரிந்த லய வீடுகளில் அது அடுத்த காம்பராவில் உறங்கும் குழந்தையைப் போய்ச் சேரும். பூச்சி உருண்டையையும் விதையோடு போடாதீர்கள்.

பார்த்தலும் விதைத்தலும்

ஒவ்வொரு போத்தலிலும் விதையின் பெயர், அடைத்த மாதம், போட்ட மருந்து, "சமைக்கக் கூடாது" என்ற நான்கையும் எழுதி ஒட்டுங்கள். மாதம் ஒருமுறை திறக்காமல் வெளிச்சத்தில் பாருங்கள். அடியில் மாவு, விதையில் துளை, சுவரில் வண்டு, மூடியின் உட்புறம் நீர்த்துளி இவற்றில் ஒன்று தெரிந்தால்தான் திறக்க வேண்டும். நீர்த்துளி தெரிந்தால் எல்லாவற்றையும் கொட்டி மீண்டும் காயவைக்க வேண்டும். வண்டு தெரிந்தால் மருந்தைக் கூட்டுவதில் பயனில்லை. துளைவிழுந்த விதையைப் பொறுக்கி எரித்துவிட்டு, மீதியைச் சூடாக்கும் படியிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். எண்ணெய்க் காப்பை நான்கு மாதம் வரை நம்பலாம். அதற்குமேல் வைப்பதென்றால் ஒரு பிடி எடுத்துப் பொட்டு இருக்கிறதா என்று பாருங்கள்.

விதைப்புக்கு இரண்டு வாரம் முன்பு முளைதிறன் பார்க்க வேண்டும். நூறு விதையை ஈரத்துணியில் வரிசையாக வைத்துச் சுருட்டி, பொலித்தீனில் தளர்வாகச் சுற்றுங்கள். கௌப்பிக்கு எட்டு நாள், போஞ்சிக்கு ஒன்பது நாள், சோளத்துக்கு ஏழு நாள், நெல்லுக்குப் பதினான்கு நாள் கழித்து எண்ணுங்கள். இந்த நாள்கணக்கு 20 முதல் 30 பாகைக்கு உரியது. நுவரெலியாவிலும் ஹப்புத்தளையிலும் சுருளை அடுப்படியில் வைக்காவிட்டால் நல்ல விதையும் தோற்றதுபோல் தெரியும். மருந்து போடாத விதையில் ஐம்பதை ஒரு சிறு போத்தலில் தனியே வைத்திருந்து அதையும் கூடவே முளைக்கவிட்டால், குறை மருந்திலா காயவைத்ததிலா என்பது தெளிவாகும். எண்பதுக்குக் கீழே முளைத்தால் குழிக்கு ஒரு விதை கூட்டிப் போடுங்கள். ஐம்பதுக்குக் கீழே என்றால் வேறு விதை தேடுவதே மேல். பழைய வகை விதை என்று கைவிட மனமில்லாவிட்டால், இருப்பதையெல்லாம் ஒரே பாத்தியில் நட்டு, வரும் செடிகள் அத்தனையையும் விதைக்காகவே விட்டுவிடுங்கள்.

எண்ணெய் பூசிய விதையை நடுமுன் காய்ந்த சாம்பலிலோ மெல்லிய மணலிலோ புரட்டித் தேய்த்தால் பிசுக்கு போய்விடும், நீர் எளிதாக இறங்கும். தூள் கலந்ததைச் சுளகில் புடைத்தால் போதும். முளை ஒன்றிரண்டு நாள் பிந்தி வரலாம், அதற்காகப் பாத்தியைத் தோண்டிப் பார்க்க வேண்டாம். வசம்பு, அன்னமுன்னா கலந்த மிச்ச விதையைக் கோழிக்கும் போடாமல் புதைத்துவிடுங்கள்.